கருவாட்டு வாசமும் சிறுவர் நூல் பரிசும்

சிறுவர் நூல் பரிசுக்கு வந்த புத்தகங்களில் இரண்டே மிச்சமிருந்தன. மயிலாப்பூர் வாசகசாலை மாடியில் நடுவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தலைவர் நீதிப் பாடல் நூலையே பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. முயல்கள் படகு கட்டும் கதைக்கு ஆதரவு நான் ஒருவன்தான். ஆனால் அது ஏன் உயர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது கடற்காற்றில் கருவாட்டு வாசம் வந்தது.

பட்டினப்பாக்கத்தில் அம்மா மணலில் பாய் விரித்து மீன் காயவைப்பாள். குச்சியை வைத்துக்கொண்டு காக்கை விரட்டுவாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பள்ளியில் கொடுக்கும் கதைப் புத்தகத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். கதை சப்பென்று இருந்தால் அவளுடைய "சூ, சூ" ஓயவே ஓயாது. நல்ல கதையென்றால் குச்சி மடியில் கிடக்கும், காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

"உன் கதையக் கேட்டுக்கினு குந்திட்டேன், மீனெல்லாம் காக்கா தூக்கினு போயிடுச்சு பாரு!" என்று என் முதுகில் ஒன்று வைப்பாள். அந்தக் கையை எடுக்குமுன்பே, "அப்பால அந்த நரி இன்னா பண்ணுச்சு? சொல்லு நைனா" என்பாள்.

"உங்க காரணத்தைச் சொல்லுங்கோ" என்றார் தலைவர்.

"வாசிக்கிறேன் சார், கேளுங்க" என்று முயல் கதையை உரக்க வாசித்தேன். நடுக்கடலில் படகு ஓட்டையான இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்து முடித்துவிட்டுத்தான் தலைவர் வந்திருந்தார். ஆனாலும், "ஏன் நிறுத்திட்டேள்? மேலே வாசியுங்கோ" என்றார்.