பொற்கொடி எழுத மறுத்த நோய்

பழிக்கு நாணுதல் ஓர் அறம். எவரும் காணாதவிடத்தும் தன் செயலைத் தானே கண்டு கூசும் உள்ளத்தின் இயல்பு அது. சான்றாண்மையைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாக அதனை நம் முன்னோர் வைத்தனர். அந்தத் தூணைப் பற்றி நிற்பவருக்கு இன்றைய அலுவலகம் ஒன்றில் இடமுண்டா என்று கேட்பீராயின், இல்லை என்பதற்குச் சான்று கீரனூரில் இருக்கிறார். பெயர் பொற்கொடி. ஊரார் வாயில் ஆடிட்டரம்மா.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் சோலையப்பன் என்பவர் நடத்தும் தணிக்கை நிறுவனத்தில் பயிற்சி மாணவியாகப் புகுந்து, தேர்வெழுதித் தேறி, அங்கேயே பணியாற்றியவர் அவர். கணவர் அருள்மணி சார்ஜாவில் ஏசி மெக்கானிக். மகள் சரண்யா பள்ளியில் படிக்கிறாள். நாள்தோறும் கீரனூரிலிருந்து பேருந்தில் வந்து, வரிக்கணக்கும் அறக்கட்டளைத் தணிக்கையும் வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையும் பார்த்து, இருட்டியபின் வீடு திரும்புவார். வரும் ஆனியில் அவரைப் பங்குதாரராக்கி, வாசற்பலகையில் பெயரும் ஏற்றுவதாகச் சோலையப்பன் வாக்களித்திருந்தார்.

அந்த நிறுவனத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. எவருக்கு ஜிஎஸ்டி பதிவு செய்தாலும், அவருடைய கைப்பேசி எண்ணுக்குப் பதிலாக அலுவலக எண்ணையே கொடுத்துவிடுவர். வணிகரை அழைத்து ஓடிபி கேட்கும் தொல்லை இல்லையாம். அதற்கென்றே ஒரு பழைய கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. ஊரார் பெயருக்கு அரசு அனுப்பும் செய்தியெல்லாம் அந்த இருட்டுக்குள் வந்து விழும். ஓடிபி வேண்டும்போது மட்டும் இழுப்பறை திறக்கும். அதனால் ஏதேனும் காலந்தாழ்ந்தால் அதற்கு மருந்தாக இரண்டாம் வழக்கம்: உரிமையாளர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார் என்றொரு விளக்கக் கடிதம். கேட்டபடி சான்றிதழ் தரும் மருத்துவர் ஒருவரும் உண்டு. திடகாத்திரமாகக் கடை நடத்தும் மனிதரெல்லாம் அந்த அலுவலகத்துக் கோப்புகளில் மஞ்சட்காமாலையிலும் முதுகுத்தண்டு வலியிலும் கிடந்தார்கள். பிழை செய்தவர் ஒருவர், நோயாளி இன்னொருவர்! இதனைத் தொழில்நுணுக்கம் என்று சொல்லிச் சிரித்தார்களே, அச்சிரிப்பை என்னென்பது?

மீமிசலில் வலைக்கடை வைத்திருப்பவர் பொன்னுத்தாய். கணவர் மறைந்தபின் தனியாளாய்க் கடையை நிமிர்த்தியவர். கடற்கரைச் சாலையிலிருந்த கடையைப் பேருந்து நிறுத்தத்தருகே மாற்றியபோது, முகவரி மாற்றத்தை முறையாக அலுவலகத்தில் சொல்லிப் போனார். அதனைப் பதிவேற்ற மறந்தார்கள். பழைய இடத்துக்கு வந்து பூட்டைக் கண்ட வரி அலுவலர் விளக்கம் கேட்டு அறிவிக்கை விடுத்தார். அது இழுப்பறைக்குள் விழுந்தது. பதில் இல்லாமையால் பதிவு ரத்தாயிற்று. அந்த ஆணையும் இழுப்பறைக்குள்ளேயே விழுந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலேறுவதற்கு முந்தைய வாரங்களே வலைக்கடைக்கு அறுவடை. அந்த நேரம் பார்த்து மொத்த வணிகர் சரக்கேற்ற மறுத்துவிட்டார். பொன்னுத்தாய் முதற்பேருந்தில் புதுக்கோட்டை வந்து இறங்கினார்.

"ஆடிட்டரம்மா, எம் பதிவு செத்துப்போச்சாமுல்ல? சரக்கு போடுறவன் சொல்லித்தான் எனக்கே தெரியுது. சொந்த வீட்டு எழவ அசலூர்க்காரன் சொல்லிக் கேக்குறாப்புல இருக்கு!"

"ஒக்காருங்கக்கா. என்னன்னு பாத்துச் சொல்றேன்."

"ஒக்காந்தா ஆகாதும்மா. படகுக்காரவுக வலை கேட்டு வந்து, இல்லைன்னு போனாகன்னா அடுத்த வருசமும் இங்கிட்டுத் திரும்ப மாட்டாக. கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

பொற்கொடி இழுப்பறையைத் திறந்தார். கைப்பேசியில் அறிவிக்கையும் ஆணையும் திறந்து பார்க்கப்படாமலே கிடந்தன. தான் பார்த்திருக்க வேண்டியவை அல்ல, தன் பிரிவும் அல்ல. எனினும் முகம் சிவந்து போயிற்று. பொன்னுத்தாயிடம் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார்.

பதிவை மீட்க விண்ணப்பம் வேண்டும். பதிலளிக்கத் தவறியதற்குக் காரணம் எழுத வேண்டும். சோலையப்பன் நாற்காலியிலிருந்து அசையாமலே காரணத்தைச் சொன்னார்.

"வழக்கம்போல எழுதிரும்மா. மூணு மாசம் படுத்த படுக்கை."

வாசலில் நின்ற பொன்னுத்தாய் உள்ளே வந்தார். "யாருங்க படுக்கையில கெடந்தது? நானா? ஒரு நாளு நான் கடையத் தொறக்காம இருந்திருப்பேனா? மீமிசல்ல போயி நாயக் கேட்டாக்கூடச் சொல்லுமே! நாளைக்கு ஆபீசரு வந்து, படுக்கையில கெடந்தவ எப்புடித்தா பில்லுப் போட்டன்னு கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்வீக?"

"இதெல்லாம் சம்பிரதாயம்மா. நீங்க கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் படியிறங்கியதும் சோலையப்பன் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா சம்மதமே தேவையில்ல. ஓடிபி நம்ம போனுக்குத்தானே வருது? போட்டு விட்ரு."

ஒருவர் பெயரால், அவர் மறுத்தபின்னும், அவர் அறியாமல், அவர்மேல் ஒரு பொய்யை ஏற்றி அரசிடம் சேர்ப்பிப்பது! வாசலில் பிள்ளையார் படமும் நெற்றியில் திருநீறும் வைத்துக்கொண்டு ஒருவர் இதனைச் சொன்னார்.

"மாட்டேன் சார். நம்ம தப்புன்னு எழுதிருவோம்."

"என்னம்மா பேசுற? குடுமியான்மலைக் கதை தெரியாதா ஒனக்கு? பிரசாதத்துல முடி கெடக்குன்னு ராசா கேட்டப்ப, சாமிக்குக் குடுமி இருக்குன்னு குருக்கள் பொய் சொன்னாரு. சாமியே குடுமி வளத்துக் காட்டிக் காப்பாத்துச்சு. சாமிக்கே ஆவுற பொய், நமக்கு ஆவாதா?"

பொற்கொடி சொன்னார்: "சாமி தன் தலையில வளத்துக்கிட்டாரு சார். நீங்க அந்தக்கா தலையில வளக்கச் சொல்றீங்க."

சோலையப்பன் ஆனி மாதத்தையும் வாசற்பலகையையும் நினைவூட்டினார். அச்சுறுத்துபவர் போலவா பேசினார்? இல்லை, அக்கறை கொண்டவர் போல. அதுவே இன்னும் இழிவு.

அன்று பிற்பகல் பொற்கொடி உண்மையை எழுதினார். பதிவிலுள்ள எண் எங்கள் அலுவலகத்தினுடையது. முகவரி மாற்றத்தை உரிமையாளர் உரிய காலத்தில் தெரிவித்தும் நாங்கள் பதியவில்லை. அறிவிக்கை எங்களுக்கே வந்தது, நாங்கள் பார்க்கவில்லை. உரிமையாளரிடம் பிழையேதும் இல்லை. பொன்னுத்தாய்க்கு வரிவரியாய்ப் படித்துக் காட்டி, அவர் எண்ணையே பதிவில் சேர்த்து, அவர் கைப்பேசிக்கு வந்த ஓடிபியை அவர் வாயால் கேட்டு விண்ணப்பத்தை அனுப்பினார். பிறகு அவரையே உடனழைத்துப்போய் வரி அலுவலரை நேரில் கண்டார்.

அலுவலர் படித்து நிமிர்ந்தார். "யாருக்குமே சீக்கு இல்லாம ஒரு விண்ணப்பம் இப்பத்தாம்மா பாக்குறேன்" என்றார்.

புதிய கடையை வந்து பார்த்தபின் பதிவு மீண்டது. சரக்கு லாரி மீமிசல் வந்தது. தடைக்காலம் முடிந்த விடியலில் புறப்பட்ட படகுகளில் பொன்னுத்தாய் கடை வலைகளும் ஏறின.

ஆனி வந்தது. வாசற்பலகையில் சோலையப்பனின் மருமகன் பெயர் ஏறியது. பொற்கொடியிடம் விலகல் கடிதம் கேட்டு வாங்கினார்கள். அதனினும் கொடுமை, ஊரார் பேச்சு. தொழில் கற்பித்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றார்கள். எந்த வணிகர்களின் பெயரில் பொய்நோய்கள் எழுதப்பட்டனவோ, அவர்களே சொன்னார்கள்! நன்றி என்னும் சொல்லைக் களவுக்குக் காவல் வைக்கும் ஊரில் நீதி எங்கே குடியிருக்கும்? இழுப்பறைக் கைப்பேசி இன்றும் அங்கே அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வேலை போன செய்தியைச் சார்ஜாவுக்குச் சொன்னபோது, மறுமுனையில் அருள்மணி சொன்னார்: "இங்க வெயில்ல என் தலை காயிது. அங்க ஒன் தலை நிமிந்து இருக்குல்ல? போதும். கீரனூர்லயே ஒரு ரூம் பாரு, அட்வான்ஸ் அனுப்புறேன்."

கீரனூர்க் கடைத்தெரு மாடியில் இப்போது ஒரு சிறு அறை. மேசை உண்டு, இழுப்பறை இல்லை. முதல் வாடிக்கையாளராக மீமிசலிலிருந்து பொன்னுத்தாய் வந்தார். மூச்சிரைக்கப் படியேறி, "இப்பச் சீக்குன்னு எழுதிக்கம்மா, ஒத்துக்கிறேன்!" என்று சிரித்தார்.

அடியவன் ஒருவனின் பழியைத் தன் முடிமேல் ஏற்றுக் குடுமி தாங்கிய பெருமானே! பிறர்மேல் பழியேற்ற மறுத்த இம்மகளின் இல்லத்தை நீ காப்பாயாக. கடல் கடந்து உழைக்கும் அருள்மணி நலமே திரும்புக. சரண்யாவின் கல்வி ஓங்குக. அவ்வீட்டு அடுப்பு அணையாதிருக்க. அவ்வீட்டார் தலை எவர்முன்னும் தாழாதிருக்க. அக்குடி வாழ்க, வழிவழி வாழ்க.