உள்ளங்கையில் எழுதிய மூச்சு

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். இலங்கையில், மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் எனக்கு வேலை. மிளகு, கறுவா, சாதிக்காயெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டி விளக்க வேண்டும். மாலையில் மாத்தளை டவுனில் ஜப்பான் மொழி வகுப்பு. ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குப் போக வேண்டுமென்பது என் ஆசை.

அந்த மொழியில் ஒரே எழுத்துக்குச் சீனாவிலிருந்து வந்த சத்தமும் உண்டு, ஜப்பான்காரர்களின் சொந்தச் சத்தமும் உண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் வைத்த மாதிரி. நான் பல எழுத்துகளுக்கு முதலாவதை மட்டும்தான் உருப்போட்டிருந்தேன். தலைக்குள் இடம் வேண்டாமா?

அன்று ஒரு ஜப்பானிய அம்மா தனியாக வேனில் வந்து இறங்கினார். நான் மிளகு இடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று நெஞ்சைப் பிடித்தபடி வாங்கில் உட்கார்ந்துவிட்டார். “இக்கி, இக்கி” என்றார். எனக்குப் புரியவில்லை.

நெஞ்சைப் பிடித்தால் எங்கள் ஊரில் ஒரே வியாதிதான், வயிற்று வாயு.

“கேஸ்தான். கராம்பு எண்ணெயத் தடவுங்க, சரியாப் போயிரும்” என்று, கூட வேலை செய்யும் அக்கா போத்தலோடு வந்தார். எண்ணெய் மூக்கருகே போனதும் அந்த அம்மாவின் முகம் இன்னும் வெளிறியது.

அந்த அம்மா என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினார். சொல் விளங்காவிட்டால் அப்படி எழுதிக் காட்டுவது அவர்கள் வழக்கம். மேலே ‘தான்’ என்று பொருள் தரும் எழுத்து, கீழே ‘மனம்’. இரண்டும் சேர்ந்தால் மூச்சு! அதை நான் ‘சொக்கு’ என்றுதான் படித்திருந்தேன். அதன் சொந்தச் சத்தம்தான் ‘இக்கி’.

“எண்ணெய எடுங்கக்கா! அவங்களுக்கு மூச்சு விட முடியல!” என்று கத்தினேன். இருவருமாகத் தாங்கி, மிளகுத் தூள் பறக்காத பக்கம் கூட்டிப்போனோம். மருந்துக்கான சொல் நல்லவேளையாக எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டதும் வேனைக் காட்டினார். டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே இன்ஹேலர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

அக்கா போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, “இப்ப எனக்குத்தான் கேஸ் வந்துருச்சு” என்றார். டிரைவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்வரை அந்த அம்மா என் கையை விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு மூச்சு முட்டினால் ‘சுவாசம்’ என்றா கத்துவேன்? வலியும் பயமும் வந்தால் யாருக்கும் வாயில் வருவது வீட்டுச் சொல்தான். நாளைக்கு ஜப்பானில் ஒரு முதியவர் தன் வீட்டுச் சொல்லில்தான் என்னைக் கூப்பிடுவார். என் கையைப் பிடித்து எழுதிக் காட்ட அவருக்குத் தெம்பு இருக்குமோ, என்னவோ.