பட்டாணி வயலில் ஒரு தவக்காலம்

லூயிஷாமில் பஸ் ஓட்டும் சூசைதாசனுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. ஆனால் ஓர்ப்பிங்டனுக்கு அப்பால் ஒரு பண்ணையில் மனிதர் வீட்டுக்காரரைப் போலத் திரிவார். முயலும் காட்டுப்புறாவும் சுட, பண்ணைக்காரர் ஜோர்ஜ் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். "நீ யாரைக் கூட்டிவந்தாலும் எனக்குச் சம்மதம். பிழை நடந்தால் உன்னைத்தான் கேட்பேன்." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்த வாய்ச்சொல்லை அவர் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். அவருடைய கத்தோலிக்கக் கோயில் பங்குச் சனத்தில் வேட்டைக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் காற்றுத் துவக்கோடு அவர் பின்னால் போனார்கள். தேத்தண்ணிக் கப் ஒன்று புல்லில் கிடந்தாலும் அன்றைக்குப் போட்டவனுக்குப் பூசைதான். சுட்டதில் முதல் முயல் ஜோர்ஜின் வாசலுக்குப் போகும். பொழுதுபடத் திரும்பும்போது ஜோர்ஜ் வாசலில் நின்று ஒன்றே ஒன்றைக் கேட்பார்: "கேற்றைப் பூட்டினீர்களா?" சூசைதாசன் "ஓம்" என்று தமிழிலேயே சொல்வார். கிழவருக்கு அது விளங்கும்.

போன வருடம் ஜோர்ஜ் இறந்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் சூசைதாசனும் ஒருவர். பண்ணைக்கு வந்த மகள் மார்கரெற், "அப்பாவின் சொல்தான் என் சொல்லும். புறாக்கள் பயிரில் இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். ஆடு மேய்ந்த தரையை உழுது, முதல் தடவையாகப் பட்டாணி விதைத்தாள்.

அங்கேதான் மனிதர் சறுக்கினார். விபூதிப் புதன் வந்து, உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு தொடங்கியது. தவக்காலத்தில் இறைச்சி இல்லை. இறைச்சி இல்லையென்றால் வேட்டை எதற்கு? வருடா வருடம் செய்வதுபோலத் துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றவர்களும் அப்படியே. ஆடு மேய்ந்த காலத்தில் அதனால் ஒரு குறையும் வரவில்லை. மார்கரெற்றிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெற்றியில் சாம்பல் பூசிய ஊருக்கே தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்ற நினைப்பு. புறாவுக்கு ஏது தவக்காலம்?

ஒருநாள் மார்கரெற் அவருக்குப் போன் எடுத்தாள். இனி வரவேண்டாம், நிலத்தை ஒரு துப்பாக்கிக் கிளப்புக்குக் கொடுக்கப்போகிறேன் என்றாள். சூசைதாசன் ஷிப்ட் முடிந்த கையோடு ஓடினார். புறாக்கள் தின்று, வயலில் பாதி மொட்டையாகக் கிடந்தது. அவர் தட்டுத்தடுமாறித் தவக்காலத்தை விளக்கினார்.

"சாப்பிடக்கூடாது என்றால் சரி," என்றாள் அவள். "கலைக்கவும் கூடாதா?"

அவர் மொட்டை வரிசைகளை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி இம்மாகுலேற் சிரித்தாள். "மச்சம் தின்னுறதை விட்டது சரி. வாய்ப்பேச்சையும் ஏன் விட்டனீங்கள்?" பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "பாதிப் பயிர் நிக்குதெல்லே. அதையெண்டாலும் காப்பாத்துங்கோ."

மறுநாள் அவர் பங்குக் குருவான சுவாமியிடம் போனார். பெரிய வியாழன் இரவிலிருந்து உயிர்ப்புத் திருநாள் வரை கோயில் மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைத் தட்டுவார்கள். அதைத்தான் கேட்டார்.

"என்னத்துக்கு?"

"புறா கலைக்க, சுவாமி."

சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். "பெரிய வியாழன் பின்னேரத்துக்கு முதல் கொண்டந்திட வேணும்."

அன்றிலிருந்து விடியற்காலையில் சூசைதாசன், மத்தியானத்தில் வேட்டைக் கூட்டாளி அருள்நேசன், பின்னேரத்தில் வேறு யாராவது என்று ஷிப்ட் போட்டு வயலைச் சுற்றினார்கள். டக டக டக என்று கட்டை அலற, புறாக்கள் அடுத்த பண்ணைக்குப் பறந்தன. மார்கரெற் யன்னலால் பார்த்தாளே தவிர, வெளியே வரவில்லை. கிளப்பைப் பற்றிக் கேட்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

பெரிய வியாழன் காலை சூசைதாசன் அவளுடைய கதவைத் தட்டினார். இந்த முறை வாய்ப்பேச்சை விடவில்லை. "நாளைக்குப் பெரிய வெள்ளி. எங்களில ஒருத்தருக்கும் வர ஏலாது. கட்டையையும் கோயிலுக்குக் குடுக்கவேணும்," என்று தன் இங்கிலீஷில் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவையை முத்தமிட முழந்தாளிட்டபோதும் அவருக்குப் பட்டாணிதான் கண்ணுக்குள் நின்றது. ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும். வழிபாடு முடிந்ததும் கோட்டோடும் சப்பாத்தோடும் காரை விட்டார்.

வயல் நடுவில் மார்கரெற் நின்றாள். கையில் இரண்டு சட்டி மூடிகள். தலைமயிர் கலைந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. காலையிலிருந்து நின்றிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சூசைதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் ஒரு மூடியை அவரிடம் நீட்டினாள். இருவரும் தட்டிக்கொண்டே வரப்பால் நடந்தார்கள்.

"கிளப்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்," என்றாள் போகிற போக்கில். பிறகு அவர் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். "கேற்றைப் பூட்டினீர்களா?"

"ஓம்," என்றார் சூசைதாசன்.