நூறக்காவின் ரத்தம்

எங்கள் லேபில் எல்லோருக்கும் அவள் நூறக்கா. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வெள்ளை அணுக்களில் நூறை எண்ணி முடிக்காமல் தலையைத் தூக்க மாட்டாள், அதனால் வந்த பெயர். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. "எண்ணிக்கை போச்சுடா பாவி!" என்று கத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. வாய் சும்மா இருந்தால் எனக்குக் கையும் ஓடாது.

எண்ணுவதற்கு மெஷின் இருக்கிறது. அதற்குச் சந்தேகம் வந்த ரத்தம் மட்டும் அக்காவிடம் வரும். வெள்ளை அணுக்களில் ஐந்து வகை உண்டு. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பவர்களுக்கு அக்கா அதை விளக்குவதே தனி ரகம். "நியூட்ரோபில்னா ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுல எதுக்கெடுத்தாலும் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு முதல் ஆளா ஓடுற மச்சான் இருப்பான் பாருங்க, அவன்தான். காய்ச்சல், புண்ணுன்னா அவன் கூட்டம் ஏறும்." லிம்போசைட் நாத்தனார், ஒரு தடவை வம்புக்கு வந்த கிருமியை லேசில் மறக்காது. மோனோசைட் ஆள் பெருசு, சண்டை முடிந்த இடத்தில் குப்பையை அள்ளுகிற பெரியம்மா. அலர்ஜிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் துள்ளிக் குதிக்கிற சித்தப்பா, ஈசினோபில். "பேசோபிலா? அது கண்ணுலயே படாதும்மா. கல்யாணத்துக்கு மட்டும் தலைகாட்டுற சொந்தம்." சிரித்துக்கொண்டே போவார்கள். இது கூடியிருக்கிறதே, ஆபத்தா என்று கேட்டால் மட்டும் அக்கா சட்டென்று மாறிவிடுவாள். "ஒத்தை நம்பரைப் பார்த்துப் பயப்படாதீங்க. உங்களையும் பார்த்துட்டு டாக்டர் சொல்லட்டும்."

இத்தனை சொந்தமும் ஸ்லைடில்தான். வீட்டில் ஒருவரும் கிடையாது. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா நின்றாள், தங்கை கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. மாடியில் இரண்டு அறை. குழாய் ஒழுகுகிறது என்று ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஆளில்லாத அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "யாருக்காகக்கா ஓடுது?" என்றேன். "யாராவது பேசிக்கிட்டு இருக்கட்டுமேடா" என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு குடை தொங்கியது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வாஷரை மாற்றிவிட்டு டீகூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஸ்லைடில் தேய்த்த ரத்தத்துக்குச் சாயம் ஏற்றினால்தான் அணுக்கள் வகை பிரிந்து தெரியும். புதுச் சாயப் புட்டி வந்தால், முதலில் எங்களில் ஒருவர் ரத்தத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுடையதைத் தொடுவோம். அந்த ஒருவர் எப்போதும் அக்காதான். "உங்க ரத்தத்தையெல்லாம் நம்ப முடியாது. ஒருத்தனுக்குத் தும்மல், ஒருத்திக்குச் சொறி. என்னுது கோடு போட்ட மாதிரி இருக்கும்" என்று விரலை நீட்டுவாள். உண்மைதான். வருஷக்கணக்காக எங்களுக்கு அளவுகோல் அவள் ரத்தம். அது சரியாகத் தெரிந்தால் சாயம் சரி.

அன்றைக்கும் அவள் விரலில் நான்தான் குத்தினேன், நான்தான் தேய்த்தேன். சாயம் ஏற்றிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்னடா தேய்ச்சிருக்க? பாதி அணு நசுங்கிக் கிடக்கு. கையில என்ன, வாதமா?" மறுபடி தேய்த்தேன். மறுபடியும் நசுங்கல். நசுங்காமல் கிடந்ததெல்லாம் லிம்போசைட். "நாத்தனாருங்க மட்டும் கண்ணுக்குத் தெரியுறாங்க, மச்சான்களைக் காணோம். சாயம் குப்பை" என்று புட்டியைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த புட்டியும் அதே கதை. அதையும் அனுப்பினாள். மூன்றாவதைக் கொண்டுவந்த ஏஜென்ட் வாசலிலேயே சண்டைக்கு நின்றான். "ஊர்ல இருக்கிற லேபெல்லாம் இதைத்தான் வாங்குது. உங்களுக்கு மட்டும் என்னக்கா வந்தது?"

அதையும் போட்டுப் பார்த்தாள். அதே நசுங்கல். அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சாயம் சரின்னா இவன் கைதான் சரியில்ல. வயசாகுதுல்ல, வேற வேலை பார்க்கச் சொல்லுங்க இவனை."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கையை நம்பித்தான் கைக்குழந்தைக்காரிகள்கூட என்னைத் தேடி வருகிறார்கள். வந்த கோபத்தில் என் விரலில் நானே குத்திக்கொண்டேன். அதே கை, அதே புட்டிச் சாயம். அவள் ரத்தத்திலும் புதிதாக ஒன்று தேய்த்தேன். இரண்டையும் பெயர் எழுதாமல் அவள் முன்னால் வைத்தேன். "இப்ப சொல்லுங்கக்கா, என் கையா?"

முதல் ஸ்லைடைப் பார்த்தாள். "அழகா இருக்கு. ஒரு அணுகூட நசுங்கல. யாருதுடா?" என்றாள். இரண்டாவதை வைத்தாள். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். எண்ண ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் அப்படி நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

ஜெயித்துவிட்டேன். அடச்சே, அந்த நிமிஷம் போல ஒரு கேவலமான ஜெயிப்பு என் வாழ்க்கையில் கிடையாது. அணுவே நைந்து போயிருந்தால் எவன் தேய்த்தாலும் நசுங்கும். அவளுக்கு அது தெரியாதா? எத்தனை பேர் ஸ்லைடில் பார்த்துச் சொன்னவள்! தன்னுடையது என்றதும் சாயம், கை, ஏஜென்ட் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டாள். அளவுகோலை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. எங்களுக்கும்தான் தோன்றவில்லை.

"கையில ரத்தம் எடுடா, மெஷின்ல போடுவோம்" என்றாள். ஊசி போனபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷினும் அதையே சொன்னது. வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு, அத்தனையும் லிம்போசைட். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை இப்படித்தான் முகம் காட்டும். எங்கள் இரண்டு பேர் வாயிலும் அந்த வார்த்தை வரவில்லை.

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அக்காவே அந்த வீட்டுக்குப் போன் செய்வாள். நோயாளியிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். புருஷனையோ மகளையோ அண்ணனையோ கூப்பிட்டு, "தனியா அனுப்பாதீங்க, கூட வாங்க" என்பாள். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கு யாருக்குடா பண்றது?"

தங்கைக்கு அடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான். பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா? சரி. உனக்கு வேலை இருக்கும், வை." அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சொல்ல வேண்டியதுதானேக்கா!" என்றேன். "பரீட்சை நடக்குதாம்டா" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான் போனேன். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. இன்னும் சில டெஸ்ட் எடுத்தார்கள். முடிவு சொல்கிற அன்று டாக்டரம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார். தம்பி என்று சொல்வாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொந்தம்னு யாருமில்ல டாக்டர். இவர் லேப்ல ரத்தம் எடுக்கிறவர்" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லையே, என்ன செய்ய?

டாக்டரம்மா நல்ல மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். அதேதான். ஆனால் மெதுவாகப் போகிற வகை. இப்போதைக்கு மருந்துகூட வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும், பலர் பல வருஷம் நன்றாகவே இருக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. அக்கா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "கேட்டீங்களாக்கா? ஒண்ணும் ஆகாது! இன்னும் பல வருஷம் எண்ண விடலைன்னு எங்களைத் திட்டப் போறீங்க. இன்னைக்கு டீ என் கணக்கு, வாங்க."

அவள் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது. சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, அசட்டுச் சிரிப்போடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"பல வருஷமாம்டா. அவ்வளவு வருஷம் அந்த ரூம்ல நான் என்னடா பண்றது?"