பல்லில் ஏறிய தண்ணீர்

வேடசந்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கும். வெள்ளைப் பல் தெரிந்தால் அந்தப் பெண் வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் என்று அர்த்தம். அம்மாவும் அப்படி வந்தவள்தான், சித்தையன்கோட்டைக்காரி. தண்ணீரால் வந்தது என்று அவளுக்குத் தெரியாது; என் பல்லைப் பார்க்கும்போதெல்லாம், “ஒழுங்கா வெளக்குறதில்ல, அதான் இப்பிடி” என்பாள். உப்பு, கரி, எலுமிச்சைத் தோல் எல்லாம் தேய்த்துப் பார்த்தேன். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போன பிறகுதான் அது ஒரு குறையாகத் தெரிந்தது. முதல் வாரமே, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“நீ பாக்குப் போடுவியா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதன்பின் மூன்று வருடமும் உதட்டைப் பிரிக்காமல் சிரித்தேன். பதில் தெரிந்தாலும் வகுப்பில் எழுந்து சொல்லமாட்டேன். அமைதியான பெண் என்று பெயர் வந்தது. வீட்டில் நான் ஓயாமல் பேசுகிறவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

கொரோனாக் காலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு வேலை கிடைத்தது. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். நானும் போட்டுக்கொண்டு பேசினேன், சிரித்தேன், ஊசிக்குப் பயப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். மாஸ்க் கழற்றும் நாள் வரப்போகிறது என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டபோது நான் நல்ல பல் டாக்டர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கையில் சம்பளம் இருந்தது. பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்த ஊரு?” என்றார். சொன்னேன்.

“இது வெளக்காம வந்த கறை இல்லம்மா. சின்ன வயசுல, உள்ள பல்லு உருவாகும்போதே தண்ணியில இருந்த ஃபுளோரைடு ஏறியிருக்கு. தேய்ச்சா போகாது.”

முன்பற்களின்மேல் வெள்ளைப் பூச்சு வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“தெரியாம அம்புட்டு வருசமும் உன்னைய வஞ்சிருக்கேன்” என்றாள்.

பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கும் என் பழைய பல்தான். ஆனால் அவள் வாயைத் திறந்து சத்தமாகச் சிரிக்கிறவள். அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து, சிரிப்பு வந்தால் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

“நீ மட்டும் வெள்ளையாயிட்ட” என்றாள்.

அதுவரை அவள் பல்லை அவள் கவனித்ததே இல்லை. நான்தான் கவனிக்க வைத்திருந்தேன். அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

போன வருடம் அவளும் திண்டுக்கல்லில் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரம் எப்படிப் போகுமோ என்று எனக்குத்தான் பயம். ஒருநாள் சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, ஒருத்தி என்னையப் பாத்து, பாக்குப் போடுவியான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க ஊருத் தண்ணிடி, நாளைக்கு ஒரு பாட்டில் கொண்டு வாரேன், குடிச்சுப் பாருன்னேன். கிளாஸே சிரிச்சிருச்சு. அவளும் சிரிச்சா.”

அந்தக் கேள்விக்கு இப்படியும் பதில் சொல்லலாம் என்று என் கல்லூரி நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் எப்போது போகலாம் என்று கேட்டேன்.

“பரீட்சை முடியட்டும், பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.