எக்ஸ்ரே அக்கா வீட்டை விற்ற கதை

ஊரில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் சொல்வார்கள். பெரிய மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். "மூச்ச இழுங்க, அப்படியே அடக்குங்க, ம், விடுங்க" என்று அவள் சொல்லி மூச்சை அடக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. கடைக்குப் போனால் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பழைய கேலிதான், ஆனாலும் அவள் சிரிப்பாள். ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் எத்தனை அறை என்பது ஒருவருக்கும் தெரியாது.

கடற்கரைச் சாலையின் கடைசி வீடு அது. மாடியையும் சேர்த்து ஐந்து அறைகள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா கட்டியது. தம்பி படிப்பு முடிந்த கையோடு வெளிநாடு போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அப்பா போன பிறகு அம்மா ஒன்பது வருடம் கீழ் அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவும் போனாள். அதற்கடுத்த வருடம் அக்காவுக்கு ஓய்வு வந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால், கேட்டுக்குள் ஐந்து நாளிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. காற்றில் பறக்காமலிருக்கப் பேப்பர்காரர் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை தம்பிக்குப் போன் செய்தாள். "வீட்ட வித்துடலாம்டா."

"இதத்தான்கா நான் மூணு வருஷமா சொல்றேன். இப்ப எப்படி திடீர்னு மனசு மாறிச்சு?"

"மாடிப்படி ஏற முடியல" என்றாள். காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீடு பார்க்க வந்த புரோக்கர் சுறுசுறுப்பான ஆள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார். கீல்கள் துருப்பிடித்துக் கீச்சென்று கத்தின. ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்து, கடல் ஏதோ புகைக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது.

"மேடம், வீடு நல்ல வீடு. ஆனா உள்ள வந்தா ஆஸ்பத்திரிக்குள்ள வந்த மாதிரி இருக்கு. கடலோரமா வீடு வாங்க வர்றவங்க ஆசையோட வருவாங்க. மருந்து வாசனை அடிச்சா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க."

"என்ன பண்ணணும்?"

"பெருசா ஒண்ணும் வேண்டாம். சின்னச் சின்ன வேலைதான். அப்புறம் ஒரு பொண்ண அனுப்பறேன். வீட்ட ஜோடிச்சுக் குடுத்துடும்."

இரண்டு வாரம் வேலை நடந்தது. துருப்பிடித்த கீல்களையும் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டுத் துருவேறாத புதியவற்றைப் போட்டார்கள். சறுக்கு ஜன்னல்களின் தடத்திலிருந்து மட்டும் இரண்டு வாளி மணல் வந்தது. குழாய்களை மாற்றினார்கள். பச்சையாக இருந்த கூடத்துச் சுவர் வெள்ளையானது. நீலமாகக் கண்ணைக் குத்திய குழல்விளக்குகள் போய், மஞ்சள் வெளிச்சம் வந்தது.

அம்மா படுத்திருந்த கீழ் அறையில்தான் சிக்கல். கடல் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூக்கும். தொட்டால் மாவு மாதிரி உதிரும். பெயின்டர் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பழைய சாந்தை முழுசா கொத்தி எடுக்கணும்கா. மேல பூசினா நிக்காது" என்றார்.

புரோக்கர் கேட்கவில்லை. "அதுக்கு ஒரு மாசம் ஆகும். மேல ஒரு பூச்சு, முன்னால ஒரு அலமாரி. யாரு நகர்த்திப் பாக்கப் போறாங்க?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அன்றிலிருந்தே அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஜோடிக்கிற பெண் வந்தாள், ஒரு வேன் நிறையச் சாமான்களோடு. வந்ததும் அக்காவின் பொருள்களைப் பெட்டிகளில் போட ஆரம்பித்தாள். அப்பா அம்மா படம், அம்மாவின் கட்டில், மருந்து டப்பாக்கள், வேலையில் கொடுத்த சுவர்க்கடிகாரம், எல்லாம் மாடியின் பின்னறைக்குப் போயின.

"உங்க பொருள் எதுவும் கண்ணுல படக்கூடாது மேடம். வர்றவங்க இது தங்களோட வீடுன்னு நினைச்சுப் பாக்கணும். சுவத்துல உங்க அம்மா பாத்துட்டிருந்தா அவங்களுக்கு அந்த நினைப்பு எப்படி வரும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா பாத்தா யாருக்கும் ஒண்ணும் வராது, அது வாஸ்தவம்தான்."

கூடத்துச் சுவரில் அந்தப் பெண் ஒரு கடல் படம் மாட்டினாள். எதிரே ஜன்னல் முழுக்கக் கடல்.

"அதான் அங்கயே இருக்கேம்மா, இது எதுக்கு?"

"ஜன்னல்ல இருக்கறது அலையடிக்குது மேடம். இது சும்மா இருக்கும்."

மாடி அறையில் இரண்டு சின்னக் கட்டில்கள் போட்டு, தலையணைமேல் ஒரு கரடி பொம்மையை உட்காரவைத்தாள். சாப்பாட்டு மேசையில் ஆறு தட்டு, ஆறு டம்ளர், மடித்த ஆறு துணிகள். போகும்போது, "எதையும் கலைச்சுடாதீங்க மேடம்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா கலைக்கவில்லை. சமையலறையில் ஒரு பாயும், ஒரு தட்டும், ஒரு டம்ளரும் வைத்துக்கொண்டாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். கூடத்தைக் கடக்கும்போது, யாரோ ஆறு பேர் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்பது போல இருக்கும். ஒருநாள் மத்தியானம் ஓர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, கை பட்டுக் கலைந்த துணியைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெறும் வீடாக இருந்த வரைக்கும் அவளுக்கு அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆள்கள் வீடு பார்க்க வரும் நேரங்களில் அவள் இருக்கக் கூடாது என்பது புரோக்கரின் கட்டளை. பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். மூன்று வாரத்தில் ஒன்பது முறை உட்கார்ந்தாள். எந்தப் பேருந்திலும் ஏறாத அவளை ஒரு நடத்துனர் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

பத்தாவது முறை ஒரு கணவனும் மனைவியும் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அக்கா தலையில் ஒரு பழைய துணியைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரங்க இல்லையா? நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?" என்று அந்த இளம்பெண் கேட்டாள்.

"ஆமாங்க. அவங்க வெளிய போயிருக்காங்க" என்று அக்காவின் வாயில் வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க உள்ள வந்து பாருங்க."

கணவன் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டான். அந்தப் பெண் மேசை அருகே நின்றுவிட்டாள்.

"பெரிய குடும்பம் போல."

"இல்லைங்க. ஒரே ஆள்தான்."

"இவ்ளோ பெரிய வீட்டுல ஒரே ஆளா? பாவம்!"

"பாவம்னு சொல்ல முடியாது. வேலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க." அக்கா துணியைப் பிழிந்தாள். யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலப் பேசும்போது வார்த்தைகள் சுலபமாக வந்தன. "அப்புறம்தான் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. ஒரு தடவ காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தாங்க. யாருக்கும் தெரியல."

"ஏன், நீங்க எங்க போயிருந்தீங்க?"

அக்கா திகைத்துப்போனாள். "நானா? நானும்... வரலைங்க."

"என்னங்க நீங்க! வயசானவங்கள அப்படி விடலாமா?"

"விட்டிருக்கக் கூடாதுதான்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இன்ஜினியர். வருஷத்துல ஏழெட்டு மாசம் தண்ணியிலதான். லீவுல வந்தாலும் கடல் தெரியணுமாம், என்னத்தச் சொல்றது? மத்த நாளெல்லாம் நான்தான் இங்க. உண்மையச் சொல்லுங்க. தனியா இருக்க முடியுமா?"

அக்கா யோசித்தாள். அவளிடம் இப்படி யாரும் எதையும் கேட்டதில்லை.

"முடியும். ஆனா வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டப் போய்ப் பேசிடணும். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டா, முப்பது வருஷம் ஓடிடும். அப்ப போய் என்னன்னு பேசறது?" கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணும் இருக்கு, வாங்க" என்று கீழ் அறைக்கு அழைத்துப் போனாள். அலமாரியைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். பின்னால் புதுப் பெயின்ட் அதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் ஒன்றைத் தொட்டாள். உப்பு உதிர்ந்தது.

சரியாக அந்நேரம் புரோக்கர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "மேடம்! நீங்க ஏன் இங்க இருக்கீங்க? உங்க வீட்ட நீங்களே இப்படிக் காட்டிக் குடுத்தா நான் எதுக்கு?"

அந்தப் பெண் புரோக்கரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையில் கட்டியிருந்த துணியை மெல்ல அவிழ்த்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதுவும் கேட்காமல் அந்தப் பெண் கணவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்க" என்று புரோக்கர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். அக்காவுக்கு அது உறைக்கவே இல்லை. நாலு நாள் காய்ச்சலை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டோமே என்றுதான் உடம்பெல்லாம் கூசியது.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் தனியாக வந்தாள். அக்கா டீ போட்டாள். அந்தப் பெண் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

"சுவத்தக் கொத்தி சரி பண்ணிக் குடுங்க அக்கா. வாங்கிக்கறோம். அவருகிட்டப் பேசிட்டேன்."

"பொய் சொன்னதுக்குக் கோவம் இல்லையா?"

"சுவரப் பத்தி நீங்க பொய் சொல்லலையே." டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தக் காய்ச்சல் விஷயம் வீட்டு ஆளுங்களுக்குத் தெரியுமா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"சொல்லுங்க. என்கிட்டச் சொன்னீங்கள்ல."

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது சொன்னாள்.

"ஏன்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்னடா பண்ணியிருப்ப?"

அவன் வீட்டில் யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது. "அப்புறம் பேசறேன்கா" என்றான். அதன் பிறகு ஞாயிறோடு புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தான். இரண்டு நிமிஷம்தான் பேசுவான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்பான், அதற்கு மேல் இருவருக்கும் விஷயம் கிடைக்காது.

சுவரைக் கொத்திப் பூச ஒன்றரை மாதம் ஆனது. பத்திரப் பதிவு முடிந்து, ஜோடிப்புச் சாமான்கள் வேனில் ஏறி, அக்கா ஊருக்குள் ஓர் அடுக்குமாடி வீட்டின் முதல் மாடிக்குக் குடிபோனாள். இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். துணி ஒரே நாளில் காய்ந்தது, இரும்பு துருப்பிடிக்கவில்லை. காற்றில் உப்பு இல்லாதது அவளுக்கு ஏதோ மூக்கடைத்தது போல இருந்தது.

முதல் மாதம் அந்தப் பெண் இரண்டு முறை போன் செய்தாள். மாடித் தொட்டியின் வால்வு எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை. காற்றடிக்கிற மாதங்களில் எந்த ஜன்னலை மூடிவைக்க வேண்டும் என்று ஒரு தடவை. இரண்டு தடவையும் அரைமணிக்கு மேல் பேசினார்கள். பிறகு இரண்டு மாதம் போன் வரவில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் தானே கூப்பிட்டாள். இதற்குமுன் காரணமில்லாமல் யாரையும் கூப்பிட்டதில்லை என்பதால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"அக்கா! அவர் நேத்துதான் வந்தார். வீடே ரெண்டுபட்டுக் கிடக்கு. நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

"சரிம்மா, அவசரமில்ல."

மறுநாள் அக்கா கடைக்குப் போகவில்லை. குளிக்கும்போதும் போனைக் குளியலறை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தாள். அன்று வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் மாலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓடிப்போய் எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் ஓடித்தான் எடுத்தாள்.