காப்பர்காரர் போட்ட சபதம்

காப்பர்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ஏசி பழுது பார்க்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே, "காயில் காப்பரா, அலுமினியமா?" என்று கேட்டுவிடுவார். காப்பர் என்றால் முகம் மலரும். அலுமினியம் என்றால் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார்.

காயில் என்பது ஏசிக்குள் வளைந்து வளைந்து ஓடும் குழாய். குளிர்ச்சி தரும் கேஸ் அதற்குள்தான் சுற்றுகிறது. காப்பரில் ஓட்டை விழுந்தால் இருந்த இடத்திலேயே நெருப்பைக் காட்டிப் பற்றவைத்து அடைத்துவிடலாம். அலுமினியத்தில் அடைக்கப் போனால் பெரும்பாலும் ஓட்டைதான் பெரிதாகும். காயிலையே மாற்ற வேண்டி வரும். இதை அவர் சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் காப்பர் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, "லீக் ஆகுது, வாங்க" என்று அவரைக் கூப்பிட்டார்கள். அலுமினியம் வைத்திருந்தவர்கள் கூப்பிடவே இல்லை. அவர்கள் வீட்டு மிஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

சந்தேகப்படுகிறவர்களை வாயடைக்க அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. அவர் வீட்டு ஏசி. பார்த்துப் பார்த்து அவரே வாங்கியது, அவரே மாட்டியது. "பதிமூணு வருஷம், ஒரு தடவை கேஸ் போட்டதில்ல. காரணம் என்ன? காப்பர்" என்பார். இதைக் கேட்காத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை.

இந்த ஞானத்தோடு ஐந்து வருஷத்துக்கு முன்னால் மச்சினன் வீட்டுக்குப் போனார். மனைவியின் ஒரே தம்பி, புது வீட்டுக்குக் குடிவந்திருந்தான். உறவெல்லாம் கூடியிருந்தது. காப்பர்காரர் நேராக மாடிக்குப் போய், யாரும் கேட்காமலே ஏசியின் வெளிப்பெட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளைக் காயில், அதாவது அலுமினியம். கீழே இறங்கி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில், ரெண்டு வருஷம்கூட இது தாங்காது என்று தீர்ப்புச் சொன்னார். மச்சினன் சிரித்துக்கொண்டே, நின்னுபோனா உங்களைத்தான் கூப்பிடுவேன் அத்தான் என்றான். அவன் சிரித்ததுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

"அது நிக்கிற அன்னிக்குத்தான் இந்த வீட்டுப் படி ஏறுவேன். அதுவரைக்கும் நானும் வரமாட்டேன், உங்க அக்காவும் வரமாட்டா."

அந்த அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையில் பாதி சாப்பிட்ட தட்டு இருந்தது.

ரெண்டு வருஷம் போனது. மிஷின் நிற்கவில்லை. மூன்றாவது வருஷம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, போனில் அத்தை என்று கூப்பிடக் கற்றுக்கொண்டது. அத்தை அதை ஒரு நாளும் தூக்கியதில்லை. தம்பி வீட்டு ஏசி சீக்கிரம் கெட்டுத் தொலையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட ஒரே அக்கா உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும். போன வெயில் காலத்தில் அவனிடம் வாய்விட்டே கேட்டுப் பார்த்தாள். ரெண்டு நாள் ஸ்விட்சை அணைச்சுட்டு, கெட்டுப்போச்சுன்னு சொல்லேன்டா என்று. பாப்பாவுக்கு வேர்க்குரு வந்துடும்க்கா என்றான் அவன்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காப்பர்காரர் வீட்டு ஏசி சூடான காற்றை ஊதியது. அவர் பதறவில்லை. பதிமூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவது எந்த மகானுக்கும் உண்டு என்ற தோரணையில், பால்கனியில் இருந்த வெளிப்பெட்டியைத் திறந்தார். காயிலின் ஒரு வளைவில் எண்ணெய்க் கறை. கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும் என்பதால், அதுதான் லீக் என்று நினைத்து, பற்றவைப்பதற்காக உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தார். நாலு தேய்ப்பில் செப்பு நிறம் தாளோடு வந்துவிட்டது. அடியில் பளபளவென்று வெள்ளை. இன்னொரு வளைவைத் தேய்த்தார். அங்கேயும் வெள்ளை. அலுமினியத்துக்குச் செப்பு நிறத்தில் பூச்சு அடித்து விற்றிருக்கிறார்கள். ஊரார் மிஷினையெல்லாம் திறந்து சோதித்தவர், தன்னுடையதை நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

கேஸ் எங்கே கசிகிறதோ அங்கே குமிழி வரும் என்று, சோப்பு நுரையை எடுத்து காயில் முழுக்கத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. குமிழி வந்தது மேலே, காயிலோடு இணைகிற குழாய் முனையில். அது அசல் காப்பர். மாட்டும்போது அவர் கையாலேயே விரித்து முடுக்கிய முனை. எண்ணெய் அங்கிருந்துதான் கீழே வடிந்திருந்தது. அவருக்கு அவமானத்தில் காது சுட்டது.

பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இருபது வருஷமாக இந்தப் பாடத்தைத் தினமும் கேட்டவளுக்கு வெள்ளை எது, சிவப்பு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அவசரமாக மூடியை எடுத்துப் பொருத்தப் போனார். அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கணக்குப் போட்டாள்.

"பதிமூணு வருஷம் ஓடியிருக்குல்ல? அப்ப தம்பி வீட்டுது நிக்க இன்னும் எட்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள பாப்பா என் இடுப்புல உட்கார்ற வயசைத் தாண்டிடும். நான் இப்பவே கிளம்புறேன்."

ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

கதவைத் திறந்த மச்சினன் அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"அத்தான், எங்க மிஷின் இன்னும் நிக்கலையே."

வரும் வழியெல்லாம் சில பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தார் அவர். அதற்குள் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டாள். தூக்கி, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் பையைப் படியிலேயே இறக்கி வைத்தார்.

"எங்க வீட்டுது நின்னுபோச்சுப்பா. கொஞ்ச நேரம் உங்க குளிர்ல உட்காரலாமா?"